பாமாவின் சல்லடைகள்

ஆஸ்டின் டவுன் பாத்திரக் கடையில் பாமா ஒரு மாவுச் சல்லடையை எடுத்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்து, ‘பூ’வென்று ஊதிப் பார்க்கிறார். அடுத்த சல்லடை, மறுபடியும் ஒரு ஊதல்.

“இன்னாம்மா, மாவு சலிக்கவா, ஊதறதுக்கா? எச்சி பட்டா யாரு வாங்குவாங்க?” என்கிறார் கடைக்காரர் கோவிந்தன்.

“நானே வாங்கிக்கறேன், போதுமா?”

தொம்மலூர் வீட்டில் இப்படிச் சேர்ந்த சல்லடைகள் பதினொன்று. மாவு சலிப்பது என்னவோ ஒன்றில்தான்.

வானொலித் தொலைநோக்கிகளுக்கு ஆன்டெனா வடிவமைப்பது அவர் வேலை. இப்போது கையில் இருப்பது நாற்பது மீட்டர் அகல டிஷ். முழுக்கத் தகடு போட்டால் கனம் தாங்காது, கம்பி வலைதான். வலைக்கண் பெரிதானால் காற்று தாராளமாகப் போய்விடும், கூடவே நீளம் குறைந்த அலைகளும் நழுவிவிடும். கண்ணைச் சிறிதாக்கினால் அலை தங்கும். காற்று டிஷ்ஷையே தள்ளும்.

அந்தக் குட்டி அலைகள்மேல் பாமாவுக்குப் பொல்லாத ஆசை. விண்மீன்கள் உருவாகும் வாயு மேகங்களிலிருந்து வருபவை அவை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தால் பஸ்ஸில் மற்றவர்கள் எரிச்சலில் முனகுவார்கள். இவர் ஜன்னலில் தலை சாய்த்து அந்த மேகங்களுக்குப் போய்விடுவார். இறங்க மறந்து கடைசி நிறுத்தம்வரை போன நாட்களும் உண்டு.

வலைக்கண் அளவை முடிவு செய்தே ஆகவேண்டிய நாள் வந்தது. டிஷ்ஷைத் தாங்கும் சட்டத்துக்குப் பொறுப்பான பத்ரிநாத் கணக்கை நீட்டினார்.

“மேடம், முழுக்க சின்ன கண்ணு போட்டா புயல்ல டிஷ்ஷைத் திருப்பற மோட்டார் தாங்காது. இது கனவு.”

“கனவுதான் பத்ரி. ஒம்போது வருஷமா இதே கனவுதான்.”

பத்ரிநாத் குரலைத் தாழ்த்தினார். “விளிம்புலதான் காத்தோட ஆட்டம் ஜாஸ்தி. அங்க மட்டும் விட்டுக்குடுங்க. நடுவுல நான் கை வைக்க மாட்டேன்.”

அப்படியானால் குட்டி அலைகளைப் பிடிக்க நடுவிலுள்ள பதினைந்து மீட்டர்தான். அவ்வளவு சின்னப் பரப்பில் பக்கத்து மேகங்களின் குரல் கேட்கும். தூரத்து மேகங்களின் குரல் கேட்காது.

பாமா காபி டம்ளரை வரைபடத்தின் நடுவில் கவிழ்த்துச் சுற்றிலும் கோடு போட்டார். வட்டத்துக்கு வெளியே, தானே நெருக்கி நெருக்கி வரைந்திருந்த சின்னக் கட்டங்களை அழித்தார். ரப்பர் தூள் குவிந்தது. குனிந்து மெல்ல ஊதினார். இடது உள்ளங்கை மட்டும் வட்டத்துக்குள்ளேயே அழுந்தி இருந்தது.