கறண்ட் இல்லாத கிட்டார்

அமீரகத்தின் புஜைராத் துறைமுக அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரன் பெரு நாட்டவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் ஊர்ப் பாட்டொன்றைக் கணினியில் போட்டான். கும்பியா என்ற ஆட்டப்பாட்டுக்குள் எலெக்ட்ரிக் கிட்டாரை அவன் நாட்டில் முதன்முதல் கொண்டுவந்த குழு வாசித்தது அது என்றான்.

கையிலெடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். அது அப்பாவின் மெட்டு.

அப்பா யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். கப்பலில் வேலைசெய்த கூட்டாளி கொண்டுவந்த இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டே அந்த மெட்டைத் தன் குழுவுக்குப் பழக்கினாராம். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் சண்டையால் ஊரில் கறண்ட் இல்லை. குழுவில் மற்ற நால்வரும் வெளிநாடு போய்விட்டார்கள். பின்னேரங்களில் அப்பா தனியே இருந்து வாசிப்பார். கறண்ட் இல்லாத அந்தக் கிட்டார் காதருகே பறக்கும் நுளம்பு மாதிரி முனகும்.

"கேக்குதே பிள்ளை?"

"இல்லையப்பா."

"கிட்டார்க் கட்டையில காதை வை."

வைப்பேன். நன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்துவார். கால் மட்டும் தாளம் போடும்.

"மறந்து போச்சோ அப்பா?"

"பொறு பிள்ளை. இது மற்ற ஆக்களின்ர இடம்."

கணினியில் அந்த இடம் வந்தது. இன்னொரு கிட்டாரும் மேளங்களும் ஒன்றாக எழும்பின. யாரோ சிரித்துக் கூவினார்கள்.

அப்பா வாசிக்காமல் காத்திருந்த இடத்தில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.