அரியமுத்துவின் வண்டியைத் தள்ளிய கை

"நான் நிறுத்துன வண்டி நிலநடுக்கம் வந்தாலும் நிக்கும். சாஞ்சிச்சின்னா, அது எவனோ கை வச்சதுதான்."

ஆண்டிமடம் டீக்கடையில் நாலு பேர் கேட்க அரியமுத்து இப்படிச் சொன்னார். சொன்ன மூன்றாம் நாள், வாசலில் நின்ற அவருடைய மோட்டார் சைக்கிள் சாய்ந்தது. ஆகவே எவனோ கை வைத்திருக்கிறான். அரியமுத்துவைப் பொறுத்தவரை விசாரணையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. ஆள் யார் என்பதுதான் பாக்கி.

அவர் முந்திரிக்கொட்டை வியாபாரி. முப்பது வருஷமாகச் சாக்குக்குள் முழங்கை வரை கைவிட்டு, அடியில் ஈரக்கொட்டை கிடக்கிறதா என்று துழாவியே பிழைத்தவர். அந்தப் பழக்கம் தொழிலோடு நிற்கவில்லை. வீட்டில் தேங்காய் உடைத்தால் இரண்டு மூடியையும் சேர்த்து வைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பார். கோயிலில் கொடுக்கும் விபூதியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

முதல் தடவை விழுந்ததில் கண்ணாடி உடைந்தது. இரண்டாம் தடவை கிளட்ச் பிடி வளைந்தது. மூன்றாம் தடவை பெட்ரோல் ஒழுகி வாசல் கோலம் பாழானது. சந்தேகத்துக்குரிய ஆடு, சம்பவ நேரத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தது உறுதியானதால் விடுதலையானது. பால்காரர் எச்சரித்து அனுப்பப்பட்டார். கடைசியில் மிஞ்சியவன் எதிர்வீட்டுக் கொளஞ்சி, அரியமுத்துவின் மனைவி சுந்தராம்பாளின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு எதிரான ஆதாரம் அசைக்க முடியாதது: மூன்று தடவையும் வண்டியைத் தூக்கிவிட முதலில் ஓடிவந்தவன் அவன்தான்.

"சத்தம் கேட்டுச்சி, ஓடியாந்தான். இது ஒரு குத்தமா?" என்றாள் சுந்தராம்பாள்.

"எனக்குக் கேக்காத சத்தம் அவனுக்கு மட்டும் எப்புடிடி கேட்டுச்சி?"

"நீங்க கொறட்ட வுட்டுக்கிட்டுக் கெடந்தீங்க."

போதாக்குறைக்குக் கொளஞ்சி புத்திமதி வேறு சொன்னான். "நியூட்ரல்ல நிறுத்தாதீங்க மாமா. கியர்ல போட்டு, சைடு ஸ்டாண்டுக்கு அடியில கெட்டியா எதாச்சும் வைங்க. இல்லாட்டி சென்டர் ஸ்டாண்டு போடுங்க."

சாயாமல் இருக்க இத்தனை வழி தெரிந்தவனுக்குச் சாய்க்கத் தெரியாதா என்று அரியமுத்து மனதில் குறித்துக்கொண்டார்.

வேறு மாதமாக இருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். மகள் வினோதினியின் கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. தாய்மாமனுக்குப் பாக்கு வெத்தலை வைத்து அழைக்காமல் வேறெந்த வாசலிலும் பத்திரிகை வைக்க முடியாது. பத்திரிகைக் கட்டு பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது.

"மொதல்ல கையும் களவுமா புடிக்கிறேன். பாக்கு வைக்கிறத அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அரியமுத்து.

"மாமா மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறையில உக்கார மாட்டேம்ப்பா" என்றாள் வினோதினி. அவள் அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் வாசலோரம் அடுக்கியிருந்த விறகு அட்டிக்குப் பின்னால், தலையில் ஈரத்துண்டோடு அவர் பதுங்கினார். வண்டி வாசலில் சைடு ஸ்டாண்டில் நின்றது. கல்யாணப் பந்தலுக்காக இரண்டு டிராக்டர் செம்மண் கொட்டி அவரே நிரவிய வாசல் அது. மண் இறுகட்டும் என்று மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்கச் சொன்னவரும் அவர்தான். சுந்தராம்பாள் புருஷன் சொல்லைத் தட்டாதவள். குடம் குடமாகவே ஊற்றியிருந்தாள்.

ஒரு மணி நேரம் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு நாய் வந்து சக்கரத்தை மோந்துவிட்டுப் போனது. பிறகு, யார் கையும் படாமல், வண்டி இடப்பக்கம் ஒரு விரற்கடை தணிந்தது. ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு விரற்கடை. பஸ்ஸில் தூங்கி விழும் ஆளைப்போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, தடாலென்று படுத்தது.

எதிர்வீட்டிலிருந்து கொளஞ்சி ஓடிவந்தான். சோற்றுக்கையை உயர்த்திப் பிடித்தபடி, மறுகையும் தோளுமாக முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். ஒட்டிய மண்ணைத் தன் துண்டாலேயே துடைத்தான்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லாத. பாவம், சாப்பாடு எறங்காது அவருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனான்.

அட்டிக்குப் பின்னால் இருந்தவர் நெடுநேரம் எழவில்லை. கால் மரத்துப்போனதுதான் காரணம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் தாம்பாளத்தில் பாக்கு, வெத்தலை, பழம், பத்திரிகையோடு அவர் எதிர்வீட்டில் நின்றார்.

"வாங்க மாமா. களவாணி ஆம்புட்டானா?" என்றான் கொளஞ்சி.

"ஆம்புட்டான். நம்ம ஊருதான். போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

"யாரு மாமா அது?"

"கல்யாணத்துக்கு வர்றவன்தான்டா. பேரு எதுக்கு இப்ப? தட்ட வாங்கு மாப்ள, கை வலிக்கிது."

கொளஞ்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வீடு திரும்பிய அரியமுத்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் இல்லை. கொல்லையில் கிடந்த கடப்பாக்கல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினார். வண்டியைக் கியரில் போட்டு, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார்த்தார்.