முதல் குளியல் ஏழுமலைக்கு

ஏழுமலை அண்ணன் குளித்துக்கொண்டிருக்கிறார். வீடு அவருடையதல்ல. அந்த வீட்டுக்காரி வெளியே மெயின் பெட்டிக்குக் கீழே நிற்கிறாள். ஒரு கையில் அவருடைய கைபேசி, மறு கை சுவிட்சின் மேல். "பாட்டு நின்னுச்சுன்னா மொதல்ல சுவிட்ச கீழ தள்ளுங்க. அப்புறம் என் பொண்டாட்டிக்கு அடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். பாட்டு நிற்பதில்லை. வரிகள் பாதி மறந்துபோன ஏதோ பழைய பாட்டு, மறந்த இடங்களில் வெறும் 'ஹும் ஹும்'.

தண்ணீர் ஓடும்போதே சூடாக்கிக் கொடுக்கும் சின்னச் சுவர்ப்பெட்டியைத்தான் அவர் வீடு வீடாக மாட்டுகிறார். மலேசியாவில் மழைக்குப் பேர்போன எங்கள் தைப்பிங்கில் அந்த வேலைக்குக் குறைவில்லை. வேறு ஆட்களும் மாட்டுகிறார்கள். ஆனால் மாட்டிய கையோடு அதே வீட்டில் குளித்துவிட்டுப் போகிறவர் இவர் ஒருவர்தான். மோட்டார் சைக்கிள் கூடையில் துளைபோடும் இயந்திரம், கம்பிச் சுருள், மீட்டர், அவற்றுக்கு மேல் மடித்து வைத்த கைலி, துண்டு, பழைய மார்ஜரின் டப்பாவுக்குள் ஒரு துண்டு சவர்க்காரம். மலாய்க்காரர் வீடுகளில் அவருக்கு 'அபாங் மண்டி' என்றே பெயர், குளியல் அண்ணன். ஒரே நாளில் மூன்று வீட்டு வேலை வந்தால் மூன்று குளியல். அதனால் அவருக்குச் சளி விட்டதே இல்லை. அவர் வந்துபோன வீட்டில் வெகுநேரம் தைல வாசனை நிற்கும்.

"ஊரு பாத்ரூம்லாம் குளிச்சிட்டு வர்றாரு. எங்க வீட்டு சோப்பு அப்படியே இருக்கு லா" என்பாள் அவர் மனைவி கஸ்தூரி.

"மீட்டர்தான் இருக்கே அண்ணே, எதுக்குக் குளிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மீட்டரு எனக்குச் சொல்லும் பாப்பா. வீட்டுல உள்ளவங்களுக்கு யாரு சொல்றது? அவங்களுக்குப் பயம். நான் உள்ள போயி, நனைஞ்சு, உசுரோட வெளிய வர்றதப் பாக்கணும். அப்பதான் புள்ளைங்கள உள்ள விடுவாங்க."

நான் காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. 'அச்சம் வேண்டாம்' என்று நாள் முழுக்கக் கடிதம் எழுதுகிறேன். அப்படி எழுதும்போது நான் எதற்குள் இறங்கி நனைகிறேன் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

எதிர்வீட்டுத் தனபாக்கியம் அக்கா அவரைக் கூப்பிட்டது போன மாதம். மருமகள் யோகேஸ்வரி பிள்ளை பெற்று மறுநாள் காலை வீட்டுக்கு வருகிறாள். மகன் லாரி எடுத்துக்கொண்டு ஜொகூர் பக்கம் போயிருந்தான். பச்சை உடம்புக்கு முப்பது நாள் வெந்நீர் ஊற்ற வேண்டும். அக்காவுக்கோ ஒரு வருடமாக வலது கை நடுக்கம். தேநீர்க் குவளையையே இரண்டு கையால் பிடிப்பார். கொதிக்கிற தண்ணீரை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு, பிள்ளை படுத்திருக்கும் கூடத்தைத் தாண்டிப் போவதை நினைத்தே இரண்டு நாளாக அவர் தூங்கவில்லை.

நானும் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணன் பெட்டியைச் சுவரில் மாட்டினார். குழாயை இணைத்தார். கம்பியை இணைக்கும் முன்பு மெயின் பெட்டிக்குப் போய், கரண்ட் கசிந்தால் தானாக விழ வேண்டிய சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். விழவில்லை. மறுபடி அழுத்தினார். மூடியைத் திருகித் திறந்து எட்டிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, கழட்டிட்டுப் போறேன்."

"என்னது? நாளைக்கு அவ வர்றா ஏழுமலை!"

"வரட்டும். இந்த வீட்டுல நான் குளிக்க மாட்டேன். நான் குளிக்காத எடத்துல அவளக் குளிக்க விடுவனா? இந்தச் சுவிட்சத் தொடாம கரண்ட்டு போற மாதிரி கம்பிய யாரு சுத்தி வளச்சுக் கட்டுனது?"

அக்கா என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "கீழ் மாடிப் பையன்தான் கட்டிக் குடுத்தான். மழ வந்தாலே விழுந்துரும்பா அது. வேல முடிஞ்சு வந்து பாத்தா ஐஸ்பெட்டில மீன் எல்லாம் நாறிக் கெடக்கும். நான்தான் கட்டச் சொன்னேன்." குரல் தழைந்தது. "இப்பவும் பால்சுறா வாங்கி வச்சிருக்கேன், அவளுக்குப் புட்டு செய்ய."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சமையல்கட்டைப் பார்த்து நின்றுவிட்டார். ஐஸ்பெட்டிக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. அந்த வீட்டில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஐஸ்பெட்டியைத் திறக்க வேண்டும். பல வருடமாக நானும் போட்டுத் திறந்திருக்கிறேன், சுத்தத்துக்காக என்று நினைத்து.

"இது எதுக்குக்கா?"

"வெறுங்காலோட தொட்டா லேசா கிச்சுகிச்சு மூட்டும். பழைய பொட்டில்ல."

அண்ணன் சிரிக்கவில்லை. மீட்டரை எடுத்து ஐஸ்பெட்டியின் உடம்பில் வைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், மறுபடி அக்காவிடம் வந்தார்.

"இடியத் திட்டிக்கிட்டு இருந்தீங்க. குத்தம் இதுங்கிட்ட. மழைக்குத் தரை நனைஞ்சிருக்கும், வெறுங்காலோட யாராச்சும் தொட்டிருப்பாங்க. ஒடனே சுவிட்சு விழுந்திருக்கு. விழுந்து விழுந்து ஒங்களத்தான் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சுக்கா."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு அவளை நானே உள்ள அனுப்பியிருப்பேனே" என்றார். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அனுப்பலயே. நான் இன்னும் குளிக்கல இல்ல? அதுக்குள்ள என்ன அழுக? எந்திரிங்க, மொதல்ல சுறாவுக்கு ஒரு வழி பண்ணுங்க."

சுறா எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக்கு வந்தது. இடம் கொள்ளாத கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீனையெல்லாம் அக்கா மஞ்சள் தடவிப் பொரித்தார். மாடி முழுக்க மணந்தது. அண்ணன் அதற்குள் சுற்றிக்கட்டிய கம்பிகளைப் பிரித்து ஒழுங்கான இடத்தில் சேர்த்தார், நிலத்துக்குப் போகும் கம்பியை மீட்டரில் பார்த்தார், ஹீட்டரை இணைத்தார். பொத்தானை அழுத்தினார். டக்கென்று வீடு இருண்டது.

"விழுந்திருச்சு!" இருட்டில் அவர் குரல், பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல் இருந்தது.

சுவிட்சை மறுபடி மேலே தள்ளினார். பிறகு கைலி, துண்டு, மார்ஜரின் டப்பா. கைபேசி அக்காவின் இடக்கைக்குப் போனது. வலக்கையைச் சுவிட்சின் மேல் வைத்து, "நடுங்குனா பரவாயில்ல, எட்டுனா போதும்" என்றார். கதவு மூடிக்கொண்டது. தண்ணீர்ச் சத்தம், அதன் மேல் பாட்டு. நடுவில் ஓர் இடத்தில் வரி மறந்து பாட்டு நிற்க, அக்கா "ஏழுமலை!" என்று அலறினார்.

"இருக்கேன்க்கா, அடுத்த அடி என்னான்னு யோசிக்கிறேன்!"

போகும்போது பொரித்த மீனைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டார். பழைய ஐஸ்பெட்டியை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. யோகேஸ்வரி பிள்ளையோடு வந்து இறங்கினாள். எங்கள் வீட்டு அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்த நான், மாடி வராந்தாவிலிருந்து கீழே பார்த்தேன். வாகனங்கள் நிற்கும் இடத்தில், கூடை வைத்த மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஏழுமலை அண்ணன். கூரைக்கு ஒதுங்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழை முகத்தில் விழ, மூன்றாவது மாடியில் அக்கா வீட்டுக் குளியலறைச் சன்னலைப் பார்த்தபடி நின்றார். வேறெங்கும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சன்னலின் கண்ணாடி இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அது நிற்காமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து யோகேஸ்வரி, "அத்தே, இன்னும் கொஞ்சம் சூடு வைங்க" என்பது என் காதுக்கே கேட்டது.

அவர் பெரிதாக ஒரு தும்மல் தும்மினார். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினார்.