பெயர் சொல்லாத அறிக்கை

சென்னையில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் சட்ட ஆய்வு மையத்தில் எனக்கு வேலை. சொந்த ஊர் ராஜபாளையம் என்பதால், அந்தப் பக்கத்து நூற்பாலைப் பெண்களிடம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மம்சாபுரத்து அக்கா ஒருவர் மில் மிஷினில் இரண்டு விரல்களை இழந்திருந்தார். வீட்டு அரிவாள்மணை வெட்டியதாக ஆஸ்பத்திரியில் சொல்லும்படி மில்லில் சொன்னார்களாம். "எம் பேரு மட்டும் வெளிய வரப்படாது தாயி. தங்கச்சி இன்னும் அங்கதான் வேலைக்குப் போறா" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

அறிக்கையில் மில்லின் பெயரைக்கூட நாங்கள் எழுதவில்லை. ஆனாலும் ஊருக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் பொய், தங்களுக்கு அவமானம் என்று மில் தரப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எங்கள் மையத்தின் மேல் வழக்குப் போட்டது.

சட்டம் படித்தவள்தான், சாட்சிக் கூண்டில் அன்றுதான் முதன்முதலாக ஏறினேன்.

"விரல் போனதா எழுதியிருக்கீங்க. யாருக்கு?" என்றார் மில்லின் வக்கீல்.

"பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்படி ஒரு ஆளே இல்லைன்னு வச்சுக்கலாமா?"

ஆராய்ச்சி செய்கிறவர் என்பதற்காகச் சட்டத்தில் தனிச் சலுகை இல்லை என்றார் நீதிபதி. "மதியத்துக்கு மேல பதில் சொல்லுங்க. சொல்லலைன்னா என்னாகும்னு உங்களுக்கே தெரியும்."

வெளியே வந்து மையத்தின் தலைவியான பேராசிரியைக்குப் போன் செய்தேன். "சொல்லாதேன்னு நான் எப்படிம்மா உத்தரவு போட முடியும்? ஜெயிலுக்குப் போகப்போறது நான் இல்லையே" என்றார்.

டீக்கடைப் பக்கம் திரும்பினால், அந்த அக்கா. கூடவே தங்கை.

"ஏன்க்கா வந்தீங்க? மில் ஆளுங்க இங்கதான் நிக்கிறாங்க!"

"அவியளப் பாத்துட்டுத்தான் வாரேன். நானே உள்ள வந்து சொல்லுதேன்."

"இவ வேலை?"

தங்கைதான் பதில் சொன்னாள். "எம்புட்டு நாளைக்குப் பஞ்சைத் தின்னுட்டு இருமிக்கிட்டுக் கெடக்க?"

எனக்கு மனம் ஒப்பவில்லை. "ஒருதடவை சொல்லிட்டா பொறவு மறைக்க முடியாதுக்கா."

"மறைச்சு மறைச்சுத்தான் கையச் சேலைக்குள்ள வச்சுக்கிட்டே திரியுதேன்."

மதியம் எங்கள் வக்கீல் அவரையும் சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டார். நீதிபதி அடுத்த வாய்தாவுக்கு வரச் சொல்லி, என்னைக் கேட்ட கேள்வியையும் அதுவரை தள்ளிவைத்தார். அதற்குள் தங்கையை மில் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் யாரோ பைக்கை நிறுத்தி, ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்களாம். சென்னையில் இருந்த நான் தினமும் போன் செய்து விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அக்கா வந்தார். கூண்டில் ஏறி, வக்கீல் கேட்பதற்கு முன்பே கையை உயர்த்திக் காட்டினார். தட்டச்சுச் சத்தம் நின்றது. இரண்டு விரல்கள் இல்லை என்று பதிவு செய்யச் சொன்னார் நீதிபதி.

அதன்பின் மில் வழக்கைத் திரும்பப் பெற்றது. விரல்களுக்கான இழப்பீட்டு வழக்கைத் தனியாகப் போட்டோம். அது இன்னும் நடக்கிறது. தங்கை இப்போது பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறையாவது அக்கா கூப்பிட்டு, "நம்ம கேஸ் என்னாச்சு தாயி?" என்பார். வாய்தா தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்பதில்லை.