ஆடியில் சொன்ன ரேட்

சிவகாசியில் காலண்டர் ஆர்டர் பிடிப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆடிப்பெருக்கன்று சாம்பிள் ஆல்பத்தைக் காட்டிச் சொன்ன விலைதான் தை வரைக்கும். நடுவில் காகிதம் ஏறினாலும் மை ஏறினாலும் கடைக்காரரிடம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கக் கூடாது. சங்கரலிங்கம் பதினேழு வருடம் அப்படித்தான் ஆர்டர் பிடித்தார். முதலாளியின் பிள்ளைகள் பாகம் பிரிந்து அச்சகத்தை மூடியபோது, கைக்கு வந்த பணத்தில் விஸ்வநத்தம் சாலையில் ஒரு மாடி அறையைப் பிடித்தார். இரண்டு டிவி, இரண்டு வீடியோ கேம் மெஷின் வாங்கிப் போட்டார்.

வந்தவர்கள் பட்டாசுக் கம்பெனி இளவட்டங்கள். ஆறு நாள் மருந்துத் தூளில் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து வருவார்கள். மெஷினுக்கு நாலு பேராக உட்கார்ந்து கால்பந்து ஆடுவார்கள். சங்கரலிங்கத்துக்கு ஆட்டம் புரியாது. அந்தச் சத்தம் பிடிக்கும்.

இரண்டாம் வருடம் ஆடிப்பெருக்கன்று, பழைய பழக்கத்தில், முன்னால் ஒரு பெரிய வீரரின் படம் போட்டு நோட்டீஸ் அடித்தார். புரட்டாசியில் வரும் புதுக் கால்பந்து கேம், பெரிய வீரர்கள் அத்தனை பேரும் உள்ள டீம், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு. நாற்பது பேர் பணம் கட்டினார்கள்.

போன வருடம் மூவாயிரத்து ஐந்நூறு விற்ற கேம், வந்து இறங்கும்போது ஐயாயிரமாக இருந்தது. நெட்டில் ஆடக் கட்டும் மாதச் சந்தாவும் ஏறியிருந்தது. இரண்டையும் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டார். முதல் ஞாயிறே, திரி வெட்டும் வேலை பார்க்கும் மணிமுத்து கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நோட்டீஸ்ல முன்னால நிக்காருல்லா, அவரு டீம்ல இல்ல."

"நல்லாத் தேடுலே."

"தேடியாச்சு. கேமுக்குள்ளயே தனியா காசு கட்டிப் பொட்டி வாங்கணுமாம். தொறந்தா யாரு வருவாருன்னு தெரியாதாம்."

"உள்ள என்னன்னு சொல்லாம எப்படிலே விக்கான்?"

"நம்ம பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் மேல முப்பது ஐட்டம்னு அடிக்கோம். அவன் ஒண்ணும் அடிக்க மாட்டான், அம்புட்டுத்தான்." அறையே சிரித்தது.

சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. எண்ணூறு ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கினார். பெயர் தெரியாத ஒரு கோல்கீப்பர் வந்தார். அடுத்த பெட்டியிலும் அவரே வந்தார். "விடுங்க அண்ணாச்சி, இருக்கிறத வச்சு ஆடுதோம்" என்றார்கள். அவர் விடவில்லை. ஐப்பசி முடிவதற்குள் இருபத்தாறு பெட்டி திறந்தாயிற்று. நோட்டீஸில் நின்றவர் வரவேயில்லை.

மனைவி பொன்னுத்தங்கம் ஒருநாள் கேட்டாள். "அச்சாபீஸ்ல நீங்க ரேட்டுச் சொன்னீக, ஏறுனத மொதலாளி தாங்குனாரு. இங்கன யாரு மொதலாளி?"

 இத்தனை வருடம் தன்னுடைய வாக்கு என்று சங்கரலிங்கம் நினைத்திருந்தது வேறொருவர் கைப்பணத்தில் நின்றிருக்கிறது.

கார்த்திகையில் மெஷின், டிவி எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றார். சாம்பிளில் காட்டியது வராவிட்டால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும் என்பதும் காலண்டர் வழக்கம்தான். பைக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

மணிமுத்து வாசலுக்கு வந்தான். "ஆடுன மாசத்துக்காவது எடுத்துக்கிடுங்க."

"வேண்டாம்லே. சரக்கு நான் சொன்னபடி இல்ல."

"நாங்க ஏதாச்சும் கேட்டோமா? கடைய ஏன் அண்ணாச்சி மூடுனீக?"

அவர் பணத்தை நீட்டினார். மணிமுத்து எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தான்.

"இனி ஞாயித்துக்கிழமை எங்கன போக?"

"தெரியலலே" என்றார் சங்கரலிங்கம். காபி குடிக்கச் சொன்னான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு பைக்கை உதைத்தார். இன்னும் பதினொரு வீடு பாக்கி இருந்தது.