உரம் போடாத நாற்பது மரங்கள்

மலேசியாவில் சிரம்பானுக்கு அருகே ஒரு தோட்டத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களில் நாற்பதை இருபத்திரண்டு ஆண்டுகள் உரமே போடாமல் வைத்திருந்தேன். விழும் மட்டைகள் மக்கி, மண்ணுக்கு எவ்வளவு கரிமமும் தழைச்சத்தும் திருப்பித் தருகின்றன என்பதே என் வாழ்நாள் ஆராய்ச்சி. மறுநடவுக்காக அவற்றைச் சாய்க்குமுன் கடைசியாக மண் மாதிரி எடுக்கக் கடந்த மாதம் போனேன்.

மரத்தடி எங்கும் வெள்ளை உரமணிகள் கிடந்தன.

வேலையாட்களை நடத்தும் புதிய மண்டோர் அம்மாள் சிரித்தபடி வந்தார். "மத்த மரமெல்லாம் பச்சையா நிக்குது ஐயா. இது மட்டும் மஞ்சளா, நோஞ்சானா. நீங்க வர்றீங்கன்னு நான்தான் போடச் சொன்னேன்."

"சிவப்புப் பட்டை அடிச்சிருந்தேனே, பாக்கலையா?"

"பாத்தேன்லா. சீக்கு மரம்னு நெனச்சேன்."

"அடுத்த மாசம் சாய்க்கப் போற மரம்மா இது."

"தெரியும் ஐயா. அதுக்காக அதுவரைக்கும் பட்டினி போடலாமா?"

ஆராய்ச்சி முடிவில்லாமலே முடிந்தது. மண் எடுக்காமல் திரும்பினேன்.

ஆண்டுதோறும் அந்த இலைகளில் சத்து குறைவதை அளந்திருக்கிறேன். பட்டினி என்ற சொல் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அந்த அம்மாள்மீது இன்னும் கோபம் தீரவில்லை. திட்டத்தான் வாய் வரவில்லை.