போனைத் தர மாட்டேன்

அன்று பால் நிலையத்தில் இருந்தவர்கள் கணக்கு எழுதும் நான், பால் ஊற்ற வந்த முனியம்மாக்கா, மஸ்தான் பாய், கம்பெனி சூப்பர்வைசர் ஆகிய நாலு பேர்தான்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று என் போனில் உள்ள ஆப்பில் பதிவேன். திருத்தணிப் பக்கம் போனால்தான் கணக்கு கம்பெனிக்குப் போகும். போய்ச் சேர்ந்தால்தான் பால் ஊற்றுகிறவர்களுக்குக் காசு. அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் போகவில்லை.

"ஆப் மாட்டிகினு கீது. அழிச்சிட்டு டவுன்ல புதுசா போடறேன், குடும்மா" என்று சூப்பர்வைசர் கை நீட்டினார்.

"அழிச்சா ஒரு வாரக் கணக்கும் போயிடுமே சார்?"

"எட்டாவது படிச்சிட்டு எனக்கே சொல்றியா?"

கேஸ் அடுப்பை மூடிவிட்டு வந்தும் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். முனியம்மாக்காவின் முகத்தைப் பார்த்தேன். போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தர மாட்டேன் சார். வேணும்னா கூட வாங்க."

"போங்க சார், பஸ்ல காத்தாவது வரும்" என்றார் மஸ்தான் பாய்.

டவுன் பஸ்ஸில் வழியெல்லாம் சூப்பர்வைசர் திட்டிக்கொண்டே வந்தார். திருத்தணி மலை தெரிந்ததும் போன் அதிர்ந்தது. போய்ச் சேராமல் சிவப்பாக நின்ற பதிவுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று இனி யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்தப் பயம்தான் ஒரு வாரப் பாலைக் காப்பாற்றியது.

பெண்களுக்கு டிக்கெட் இலவசம். சில்லறை இல்லை என்றதால் அவர் டிக்கெட்டுக்கு நான்தான் காசு கொடுத்தேன். பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். இன்னும் வரவில்லை, பதினைந்து ரூபாய்.